ஒளிப்படக் கருவியிலிருந்து வானூர்திக்கு: சுங்கத் தீர்வை வகைப்பாட்டில் டிரோன்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வணிகப் பயன்பாட்டிற்குரிய ஆளில்லா வானூர்திகள் (டிரோன்கள்) பன்னாட்டுச் சுங்க வகைப்பாட்டில் தனித் தலைப்பு ஒன்றினைப் பெற்றது 2022ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர் அவை எப்பெயர்களில் எல்லை கடந்தன, பெயர் மாறியதால் இந்தியாவின் வணிகக் கொள்கையிலும் வணிகப் பதிவுகளிலும் நேர்ந்தவை யாவை என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சுங்கப் புள்ளிவிவரங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் அவற்றை வகைப்பாட்டு விதிகளோடு இணைத்தே படித்தல் வேண்டும் என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: சுங்கத் தீர்வை, ஒத்திசைவு முறை, டிரோன், தலைப்பு 8806, வணிகப் புள்ளிவிவரம்

1. முன்னுரை

துறைமுகத்தில் வந்திறங்கும் பொருளுக்குச் சந்தையில் ஒரு பெயரும் சுங்க ஏட்டில் மற்றொரு பெயரும் உண்டு. வரி விகிதம், உரிமம், தடை, புள்ளிவிவரம் ஆகிய அனைத்தும் இரண்டாவது பெயரையே பின்பற்றுகின்றன. எனவே ஒரு பொருளின் சுங்கப் பெயர் மாறுவது ஏட்டளவில் நின்றுவிடும் மாற்றமன்று. இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டாக டிரோன் அமைகிறது.

2. ஒத்திசைவு முறையின் இயல்பு

சரக்குகளைப் பெயரிட்டுக் குறியிடும் ஒத்திசைவு முறைக்கான உடன்படிக்கை 1983ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று பிரசெல்சில் உருவாகி, 1988 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதனை உலகச் சுங்க அமைப்பு பேணி வருகிறது. இம்முறையில் பொருள்கள் 21 பிரிவுகளிலும் 97 அத்தியாயங்களிலும் அடைவு செய்யப்பட்டுள்ளன. அவற்றுள் 77ஆம் அத்தியாயம் எதிர்காலப் பயன்பாட்டிற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. முதல் நான்கு இலக்கங்கள் தலைப்பையும், ஆறு இலக்கங்கள் துணைத்தலைப்பையும் குறிக்கும். ஆறிலக்கம் வரை உறுப்பு நாடுகள் அனைத்திற்கும் பொதுவாகும்; அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்ப விரித்துக்கொள்ளலாம். இந்தியா 1975ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் எட்டிலக்கக் குறியீட்டைப் பின்பற்றுகிறது.

ஒரு பொருள் எத்தலைப்பில் அடங்கும் என்பதை ஆறு பொது விளக்க விதிகள் தீர்மானிக்கின்றன. பல கூறுகளால் ஆகிய பொருள் ஒன்று இரு தலைப்புகளுக்கு உரியதாகத் தோன்றி, இரண்டினுள் எதுவும் அதனைச் சிறப்பாகக் குறிக்காதபோது, அதற்கு இன்றியமையாத தன்மையை வழங்கும் கூறு எதுவெனக் காண வேண்டும் என்கிறது மூன்றாம் விதி. டிரோனைப் பற்றிய கருத்து வேறுபாடு இவ்விதியைச் சுற்றியே எழுந்தது.

3. மூன்று தலைப்புகளில் ஒரு பொருள்

2022க்கு முன்னர் டிரோனுக்குரிய இடங்கள் மூன்றாக இருந்தன. கேமரா உள்ளிணைக்கப்பட்ட நாற்சுழலிகள், பறத்தல் படமெடுத்தலுக்குத் துணைபுரிவதே என்னும் அடிப்படையில் 8525.80 என்னும் கேமராத் துணைத்தலைப்பில் வைக்கப்பட்டன. உலகச் சுங்க அமைப்பின் வகைப்பாட்டுக் கருத்தும் அமெரிக்கச் சுங்கத் துறையின் தீர்ப்புரைகளும் இவ்வழியே சென்றன. கேமரா இல்லாதவை, ஹெலிகாப்டர்களும் விமானங்களும் அடங்கிய 8802ஆம் தலைப்பிற்கு உரியனவாயின. பொழுதுபோக்கிற்கான சிறு பறக்கும் பொருள்கள் 9503ஆம் தலைப்பில் பொம்மைகளாயின. 8802ஆம் தலைப்பின் எடை எல்லை 2,000 கிலோகிராமில் தொடங்கியது. சில கிலோகிராம் எடையுள்ள கருவியைப் பகுத்தறிய அந்த அளவுகோல் பயன்படவில்லை.

4. 2022ஆம் ஆண்டுத் திருத்தம்

ஒத்திசைவு முறையின் ஏழாம் பதிப்பு 351 திருத்தத் தொகுதிகளுடன் 2022 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் 8806 என்னும் புதிய தலைப்பு ஆளில்லா வானூர்திகளுக்கென உருவாக்கப்பட்டது. விமானி உள்ளே இல்லாமல் பறக்குமாறு வடிவமைக்கப்பட்டதே ஆளில்லா வானூர்தி என 88ஆம் அத்தியாயத்தின் குறிப்பு வரையறுத்தது. நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட எண்ணிமக் கேமரா இருப்பினும் அது வானூர்தியே என்பதையும் அக்குறிப்பு தெளிவாக்கியது. பொழுதுபோக்கிற்காக மட்டுமே வடிவமைக்கப்பட்ட பறக்கும் பொம்மைகள் விலக்கப்பட்டன. இவ்வாறு இன்றியமையாத தன்மை எது என்னும் வினா விடை காணப்படாமலேயே தேவையற்றதாயிற்று.

பயணிகளை ஏற்றிச் செல்பவை நீங்கலாக, ஏனையவை தொலைக்கட்டுப்பாட்டினால் மட்டும் பறப்பவை, பிற என இரண்டாகவும், பின்னர்ப் பெரும மேலெழும் எடையின்படி 250 கிராம், 7, 25, 150 கிலோகிராம் என்னும் எல்லைகளாலும் பகுக்கப்பட்டன. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளோ 250 கிராம், 2, 25, 150 கிலோகிராம் என்னும் எல்லைகளைக் கொண்டவை. ஒரு கிலோகிராம் டிரோனும் ஐந்து கிலோகிராம் டிரோனும் இந்திய விதிகளில் வெவ்வேறு வகையின. ஆறிலக்கச் சுங்கக் குறியீட்டில் அவை எடையளவில் ஒரே வகையின. ஆகவே ஒன்றன் எண்ணிக்கையை மற்றொன்றிற்கு அப்படியே மாற்றிக்கொள்ள இயலாது.

5. இந்தியக் கொள்கையில் விளைவுகள்

புதிய தலைப்பு நடைமுறைக்கு வந்த நாற்பது நாள்களுக்குள், 2022 பிப்ரவரி 9 அன்று, வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் டிரோன் இறக்குமதிக்குத் தடை விதித்தது. ஆராய்ச்சி, பாதுகாப்பு, காவல் சார்ந்த தேவைகளுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. முழுமையாகக் கோக்கப்பட்டவை மட்டுமன்றி, பகுதியாகவோ முழுமையாகவோ பிரித்துக் கொணரப்படுபவையும் தடைக்குள் அடங்கின. உதிரிப்பாகங்கள் தடையின்றி அனுமதிக்கப்பட்டன. மூன்று தலைப்புகளில் சிதறிக் கிடந்த பொருளை ஒரே குறியீட்டால் சுட்ட முடிந்தமை இத்தடைக்குத் துணைசெய்தது எனலாம்.

ஏற்றுமதியில் அளவுகோலே வேறு. 2023 ஜூன் மாதத்தில் குடிசார் பயன்பாட்டு டிரோன்களுக்கு அறிவிக்கப்பட்ட தளர்வு, 25 கிலோமீட்டருக்கு மேற்படாத தொலைவையும் 25 கிலோகிராமுக்கு மேற்படாத சுமையையும் எல்லையாகக் கொண்டது. தீர்வை அட்டவணை கருவியின் எடையை வினவ, ஏற்றுமதிக் கட்டுப்பாடு அதன் ஆற்றலை வினவுகிறது.

பழைய பெயரின் நிழல் உள்நாட்டு வரியிலும் நீடித்தது. கேமரா இணைந்த டிரோனுக்கு 18 விழுக்காடும், தனிப்பட்ட பயன்பாட்டு டிரோனுக்கு 28 விழுக்காடும் சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டு வந்தது. 2025 செப்டம்பரில் கூடிய அவ்வரி மன்றத்தின் 56ஆவது கூட்டமே அனைத்திற்கும் 5 விழுக்காடு என்னும் ஒரே விகிதத்தைப் பரிந்துரைத்தது.

6. சான்று என்னும் நிலையில் சுங்க ஏடு

இவ்வரலாறு ஆய்வாளருக்கு இரண்டு இடர்களை விட்டுச் சென்றுள்ளது. முதலாவது, டிரோன் வணிகம் விரிந்த 2010களுக்கு ஆறிலக்க அளவில் தனிப் புள்ளிவிவரம் இல்லை. அக்காலத்து டிரோன்கள் கேமராக்களுக்குள் மறைந்துள்ளன. அதே 2022ஆம் ஆண்டில் 8525.80 நான்கு துணைத்தலைப்புகளாகப் பிரிந்தமையால், கேமரா வரிசையில் நேரும் குறைவைக் கொண்டு டிரோன்களைக் கணக்கிடுவதும் கடினமாகிறது.

இரண்டாவது, இந்தியாவைப் பொறுத்தவரை 8806ஆம் தலைப்பின் இறக்குமதி எண்ணிக்கை தேவையின் அளவைக் காட்டாது. தடைக்கு உட்பட்டு எஞ்சியதையே காட்டும். உள்நாட்டில் கோக்கப்படும் டிரோன்களின் மோட்டார்கள் 8501இலும் மின்கலங்கள் 8507இலும் பதிவாகின்றன. வானூர்தி உறுப்புகளுக்கான 8807ஆம் தலைப்போ ஆளுள்ள வானூர்திகளுக்கும் பொதுவானது. தனிப் பெயர் கிடைத்த ஆண்டிலேயே டிரோன் வணிகத்தின் பெரும்பகுதி மீண்டும் பிற பெயர்களுக்குள் சென்று மறைந்தது.

7. முடிவுரை

டிரோன் கேமராவாகவும் ஹெலிகாப்டராகவும் பொம்மையாகவும் பதிவாகி, இறுதியில் தன் பெயரைப் பெற்றது. 2022க்கு முன் அட்டவணையில் காணப்படும் வெற்றிடம் வணிகம் நிகழாமையைக் குறிப்பதன்று. பெயர் இல்லாமையைக் குறிப்பது. தற்காலத் தொழில்நுட்ப வரலாற்றைப் புள்ளிவிவரங்களின் துணையுடன் எழுத முற்படுவோர், எண்ணுக்கு முன் அதன் தலைப்பையும், தலைப்புக்கு முன் அத்தலைப்பு பிறந்த ஆண்டையும் ஆராய்தல் இன்றியமையாதது.