விலையில்லா மடிக்கணினியின் கேமரா



1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், பாத்திரத்தில் காபி இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க ஒரு கேமராவை வைத்தார்கள். கும்பகோணம் டிகிரி காபி குடித்தவர்களுக்கு அந்த அவசரம் புரியும். 1993-ல் அது இணையத்துக்கு வந்தது. வெப்கேமின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

நம் கிராமத்து வீடுகள் பலவற்றுக்கு அது வந்தது, 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால். எங்கள் பள்ளிக்கு வந்தவற்றில் திரைக்கு மேலே பொட்டளவில் கேமரா இருந்தது. விண்டோஸ் 7-ல் அதைத் திறக்கத் தனிச் செயலி கிடையாது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்த பிள்ளைகள் விளையாடிக் கெடுவார்கள் என்று முடக்கி வைக்கச் சொன்னவன் நான்.

2020 ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தது. பள்ளி, கல்லூரி திறக்கவில்லை. செப்டம்பரில் ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான்.

"சார், தங்கச்சிக்கு நாளைக்குக் கடைசி செமஸ்டர் பரீட்சை. கேமரா முன்னாடி உட்காரணுமாம். கேமராவே வரமாட்டேங்குது."

2012-ல் பள்ளியில் அவனுக்குக் கொடுத்த அதே மடிக்கணினி. டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'இமேஜிங் டிவைசஸ்' பார்க்கச் சொன்னேன்.

"கேமரா படத்து மேல கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி இருக்கு சார்."

முடக்கியிருப்பதற்கு அடையாளம் அது. மஞ்சள் முக்கோணமாக இருந்தால் டிரைவர் கோளாறு, வேலை அதிகம். விண்டோஸ் 10 என்றால் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் போய் கேமரா அனுமதியையும் பார்க்க வேண்டும். இதற்கு வலது சொடுக்கி 'எனேபிள்' கொடுத்தால் போதும். தேர்வுப் பக்கத்தை மறுபடி திறந்ததும் அவள் முகம் தெரிந்ததாம்.

"எட்டு வருஷமா யாரு அணைச்சு வெச்சது?" என்று தங்கை கேட்டது எனக்கும் கேட்டது. அவன் பதில் பேசவில்லை. போனை அவளிடம் கொடுக்கச் சொல்லி, நான்தான் என்றேன்.