மலைக்குப் போக ஒரு சீட்டு

நான் வனச்சரக அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த காலத்தில் எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டுகளில் பெரும்பகுதி மாட்டுக்குத்தான். மனிதனுக்குக் காட்டுக்குள் போகச் சீட்டு எழுதியது அபூர்வம். ஓய்வு பெறும்போது கணக்கு தலைகீழாகிவிட்டது. மாட்டுச் சீட்டுப் புத்தகம் பீரோவுக்குள் முடங்கிக் கிடந்தது. மனிதர்கள் வரிசையில் நின்றார்கள். அதிலும் பாதிப்பேர் திருப்பூர் பனியன் கம்பெனி ஆட்கள். என் பையனே கட்டிங் மாஸ்டர். அவன் கூட்டாளிகளும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

திருப்பூர் மாவட்டத்துக்குக் காடு உண்டு என்றால் திருப்பூர்க்காரரே ஒரு நிமிஷம் யோசிப்பார். 2009 பிப்ரவரியில் கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பிரித்துப் புது மாவட்டம் அமைத்தபோது உடுமலைப்பேட்டை வட்டம் இந்தப் பக்கம் வந்தது. ஆனைமலைத் தொடரின் ஒரு பெரிய துண்டும் கூடவே வந்து சேர்ந்தது. குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, கருமுட்டி, தளிஞ்சி, கோடந்தூர், ஈசல்தட்டு, ஆட்டுமலை என்று முதுவரும் புலையரும் வாழும் குடியிருப்புகள் அந்த மலைக்குள்தான் இருக்கின்றன. பின்னலாடைக் கணக்கில் இந்த ஊர்ப் பெயர்கள் எதுவும் வராது.

கும்பினிக் காலத்துக்கு முன்னால் அடிவாரம் தளிப் பாளையப்பட்டு. பிறகு வந்த வெள்ளைக்காரன் கண்ணில் முதலில் பட்டது தேக்கு. பம்பாயில் கப்பல் கட்டும் துறைக்கு மரம் தேவைப்பட்டது. 1848-ல் ஆனைமலைக் காட்டைப் பார்த்துக்கொள்ள மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியை நியமித்தார்கள். 1856-ல் சென்னை ராஜதானிக்கு வனத்துறையே உண்டானது; முதல் தலைவர் கிளெக்ஹார்ன், தொழிலால் மருத்துவர். அதுவரை மரம்தான் விஷயம். ஆளையும் மாட்டையும் கணக்கில் கொண்டுவந்தது 1882-ம் வருஷத்துச் சென்னை வனச்சட்டம். பெயரில் சென்னை போய்த் தமிழ்நாடு வந்ததே தவிர, இன்றைக்கும் அந்தச் சட்டம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சட்டம் காட்டை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைப் பார்த்தால்தான் மற்றதெல்லாம் புரியும். 4-வது பிரிவில் ஓர் அறிவிப்பு வரும்: இந்த எல்லைக்குள் உள்ள நிலத்தை ஒதுக்குக்காடு ஆக்கப்போகிறோம் என்று. பாத்தியதை உள்ளவன் குறித்த கெடுவுக்குள் வந்து சொல்ல வேண்டும். அதை விசாரிக்க ஓர் அதிகாரி. விசாரணை முடிந்தால் 16-வது பிரிவில் காடு அரசாங்கத்துடையது. கெடுவுக்குள் வந்து சொல்லாதவனுடைய பாத்தியதை அதோடு அற்றுப்போகும். குழிப்பட்டியிலும் மாவடப்பிலும் இருந்த ஜனங்களுக்குக் கெஜட் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும்? பாட்டன் காலத்திலிருந்து செய்துவந்த காரியம் ஒரு நாளில் குற்றம் ஆனது. 21-வது பிரிவு வரிசையாகச் சொல்கிறது: அத்துமீறி நுழைவது, மாடு மேய்ப்பது, தீ வைப்பது. சட்டத்தில் குற்றமான காரியத்தைச் சீட்டு வாங்கினால் செய்யலாம். எங்கள் அலுவலகத்துக்கு வேலை கிடைத்தது இப்படித்தான்.

மேய்ச்சலுக்கு வாங்கும் பணத்தைப் புல்வரி என்பார்கள். காங்கேயம் பக்கத்தில் சொந்தக் கொறங்காடு வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல். மாட்டை விட்டுவிட்டுப் படலைச் சாத்தினால் தீர்ந்தது. அடிவாரத்தில் எங்களைப் போன்றவர்களுக்குக் கொறங்காடும் கிடையாது, பட்டக்காரர் போன்ற பெரிய நிலக்காரர் தயவும் கிடையாது. சர்க்கார் காடுதான்.

என் அப்பாவின் சீட்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. பெயர், தகப்பனார் பெயர், ஊர். பசு எத்தனை, எருது எத்தனை, எருமை எத்தனை. எருமைக்குப் பணம் கூடுதல். வெள்ளாட்டுக்குக் கட்டமே இல்லை; குருத்தைக் கடித்துக் காட்டை அழிக்கும் என்று ஆரம்பத்திலிருந்தே துறைக்கு அதன்மேல் கோபம். எந்த பீட்டில் மேய்க்கலாம், எந்தத் தேதி வரைக்கும். கீழே ரேஞ்சர் கையெழுத்து, பாதி அழிந்த ஊதா முத்திரை. கார்பன் தாள் வைத்து எடுத்த நகல் என்பதால் பென்சிலால் எழுதியதுபோலத் தெரியும். அந்தச் சீட்டை அப்பா ஒரு தகர டப்பாவில் போட்டு இடுப்பில் செருகியிருப்பார்.

பட்டியில் ஃபாரஸ்ட் கார்டு வந்து எண்ணுவார். ஒருமுறை எண்ணிக்கையில் ஒன்று கூடிவிட்டது.

"கன்னுக்குட்டி சீட்டுல இல்லையே?"

"சீட்டு போட்டப்பறம் பொறந்ததுங்க சார்."

கார்டு கொஞ்ச நேரம் கன்றைப் பார்த்தார். பிறகு நோட்டில் எதையோ எழுதினார். திட்டவுமில்லை, பணம் கேட்கவுமில்லை. எல்லா கார்டும் அப்படி இருந்ததில்லை என்பதற்குச் சரித்திரமே சாட்சி. ராஜதானி முழுக்கக் குடியானவர்கள் போட்ட கூச்சலில் அரசாங்கம் ஒரு வனக்கமிட்டி அமைக்க வேண்டியதாயிற்று. மேய்ச்சல் கட்டணம், கீழ்ச்சிப்பந்திகளின் கெடுபிடி, பட்டியில் அடைத்த மாட்டை மீட்கும் செலவு எல்லாம் 1913-ல் அதன்முன் வந்தன. அதன்பிறகு சில காடுகளை ஊர்ப் பஞ்சாயத்துகளிடமே விட்டுப் பார்த்தார்கள். நல்ல யோசனைதான், நிலைக்கவில்லை.

மாடு தவிர, மகசூல். நெல்லி, கடுக்காய், சீகைக்காய், பூச்சக்காய், கல்பாசி, சீமாறுப் புல், தேன். காட்டைத் தெரிந்தவன் மலைக்காரன். ஏலம் எடுத்தவன் ஊர்க்காரக் காண்டிராக்டர். எடைக்கல் யார் கையில் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. தளிஞ்சிப் பக்கம் தைலப்புல் அறுத்து அங்கேயே அடுப்பு மூட்டிக் காய்ச்சுவார்கள். அந்த வாசனை அவர்கள் வேட்டியோடு அலுவலகத்துக்குள் வரும்.

பிறகு காட்டுக்கு வேறு வேலை வந்தது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1976-ல் ஆனைமலை சரணாலயம், 2007-ல் புலிகள் காப்பகம். 72-ம் வருஷச் சட்டத்தின் 28-வது பிரிவை நான் மனப்பாடமாகச் சொல்வேன். சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி கொடுக்க ஐந்து காரணங்கள்: விலங்குகளைப் பற்றிய ஆய்வு, புகைப்படம், விஞ்ஞான ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரோடு சட்டப்படியான வியாபாரம். அவ்வளவுதான்.

இந்த ஐந்தில் சாமி இல்லை.

ஆனால் எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் போகிறவர்களில் பாதிப்பேர் சாமிக்காகப் போகிறவர்கள். கோடந்தூர் கட்டளை மாரியம்மனுக்குக் கிடா வெட்டாத குடும்பம் அடிவாரத்தில் குறைவு. ஒன்பதாறு செக்போஸ்ட் வழியாக ஏழுமலையான் கோயிலுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் ஏறும். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாளாக இருந்தும் சில கம்பெனிகளில் அன்றைக்கு ஆள் வராமல் சூப்பர்வைசர் தலையில் கை வைப்பதும் உண்டு. இதற்குச் சீட்டு எந்தப் பிரிவில் எழுதுவது? நாங்கள் எழுதியதில்லை. புரட்டாசிக்கு முன்னால் பேசி முடிவெடுப்போம்: இத்தனை மணிக்குள் ஏற வேண்டும், இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும், பட்டாசு, பிளாஸ்டிக் கூடாது, யானை நின்றால் காவலர் சொன்னபடி நிற்க வேண்டும். நான் பார்த்தவரை சீட்டு வாங்கிப் போன சுற்றுலாக்காரரைவிடச் சீட்டில்லாமல் போன பக்தர் கூட்டம் இந்த வார்த்தைக்கு அதிகம் கட்டுப்பட்டது. சாமி கோபித்துக்கொள்ளும் என்ற பயம் அபராதத்தைவிடப் பெரிது.

திருமூர்த்தி மலையில் இன்னொரு குழப்பம். அணை நீர்வளத்துறையுடையது, அமணலிங்கேசுவரர் கோயில் அறநிலையத்துறையுடையது, மேலே காடு எங்களுடையது. குருமலைப் பக்கம் மழை கொட்டினால் கீழே வெயிலடிக்கும்போதே பஞ்சலிங்க அருவியில் வெள்ளம் வந்துவிடும். கேட்டை மூடினால், "இங்க மழையே இல்லையே, ஏன் விடமாட்டேங்கறீங்க?" என்று பஸ் வைத்து வந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

2012 ஜூலையில் புலிகள் காப்பகங்களின் மையப்பகுதியில் சுற்றுலாவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அக்டோபரில் வழிகாட்டு விதிகளோடு விலக்கிக்கொண்டது. மாட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் முழுவதிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. சில நாளில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. எங்கள் காடு அந்தச் சுருக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. கோமாரி காட்டெருமைக்குத் தொற்றும் என்பது நியாயமான காரணம்தான். மேய்ச்சல் நின்ற இடத்தில் உண்ணிச்செடி புதராக மண்டியதையும் நான் பார்த்திருக்கிறேன்.

மனிதச் சீட்டின் கணக்கு மாறியது 2018 மார்ச் 11-க்குப் பிறகு. போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அன்று மலையேறியவர்களில் ஒரு குழு சென்னையிலிருந்து, இன்னொன்று திருப்பூர், ஈரோடு பக்கத்திலிருந்து. அந்த வாரம் திருப்பூரில் பேச்சு முழுக்க அதுதான். அதே வருஷம் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. வழித்தடங்களை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்கள். 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' தொடங்கியது: 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்கள், இணையத்தில் பதிவு, வழிகாட்டிகளாகப் பக்கத்துக் கிராமத்தார், பழங்குடி இளைஞர்கள். திருப்பூர் மாவட்டத்துக்குக் கிடைத்தது சின்னாறு செக்போஸ்டிலிருந்து கூட்டாறு வரை, சின்னாறும் பாம்பாறும் சேரும் இடத்துக்கு. மாடு மேய்த்தவர் வீட்டுப் பையன் யூனிபார்ம் போட்டு மென்பொருள்காரரை முன்னால் நடந்து கூட்டிப்போகிறான். எனக்கு இதில் சந்தோஷம்தான்.

காட்டுச் சட்டம் இப்போது ஊருக்குள்ளும் வந்துவிட்டது. சர்க்கார் பெரியபாளையம் பக்கத்து நஞ்சராயன் குளம், சுமார் 126 ஹெக்டேர், 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆனது; 2024-ல் ராம்சர் ஈரநிலம். பனியன் கம்பெனிக்குக் கூப்பிடு தூரத்தில் 28-வது பிரிவு! திருப்பூருக்கு அனுமதி என்றால் என்ன என்று தெரியாமல் இல்லை. 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஊரே கற்றுக்கொண்ட பாடம் அது.

இத்தனை சீட்டு எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். மலைக்குள் குடியிருப்பவரை வருகிறவர்களின் வரிசையில் நிறுத்தக் கூடாது. 2006-ம் வருஷ வன உரிமைச் சட்டம் 1882-ல் அற்றுப்போனதைத் திருப்பிக் கொடுக்கவே வந்தது. தமிழகத்தில் நீதிமன்ற உத்தரவால் பட்டா கொடுப்பது பல வருஷம் தள்ளிப்போனது. அதே சட்டத்தின் 3(2)-வது பிரிவின்படி சாலை, பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்குக் கிராமசபை பரிந்துரைத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட காட்டை வனத்துறையே விடலாம். டெல்லிவரை கோப்பு போக வேண்டாம். அப்படியிருந்தும் பிரசவ வலி எடுத்த பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கிவந்த செய்தி இந்த மலையிலிருந்து திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. நாற்பது வழித்தடத்துக்கு இணையத்திலேயே சீட்டுக் கொடுக்க முடிந்த அரசு, இந்த மலைக்குடியிருப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஆம்புலன்ஸ் ஏறும் பாதையை இந்தப் பிரிவிலேயே முடித்துக் கொடுக்க வேண்டும்.