மறதி நோய்: திருத்தாதீர்கள், துணை நில்லுங்கள்

கிண்ணியாவில் வாப்பா ஒருவர் சுபஹுக்கு முன்பே எழும்பி, "பாதை போயிடும், டவுனுக்குப் போகணும்" என்று கதவைத் திறக்கிறார். துறையில் ஓடிய அந்தப் பாதைப் படகுக்குப் பதிலாக 2009இல் பாலம் வந்துவிட்டது. பிள்ளைகள் அதைச் சொன்னால் கோபப்படுகிறார்.

இது பிடிவாதமல்ல, டிமென்ஷியா எனும் மறதி நோய். மூளைக் கலங்கள் சிதையும்போது பொதுவாகப் புதிய நினைவுகளே முதலில் அழிகின்றன. பழையவை நெடுநாள் நிற்கின்றன. இதில் அல்சைமர் வகையே அதிகம். அதை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் தைரொய்ட் குறைபாடு, விட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இப்படித் தோன்றலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. "வயசுக் கோளாறு" என்று விடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். திடீரெனக் குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்றும் காரணமாகலாம், தாமதிக்க வேண்டாம்.

வீட்டில் பொய் சொல்லவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். "டவுனில என்ன வேலை வாப்பா? தேத்தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுங்க" என்று பேச்சைத் திருப்புங்கள். கடலும் களப்பும் சூழ்ந்த ஊர் இது: இரவில் வாசலில் கவனம் வையுங்கள், கிணற்றை மூடுங்கள், சட்டைப் பையில் தொலைபேசி இலக்கம் வையுங்கள்.

ரக்அத் தவறினால் கண்டிக்காதீர்கள். புத்தி நீங்கியவர் மீது தொழுகை கடமையில்லை. அவர் விரும்பினால் பக்கத்தில் நின்று தொழுங்கள்.

பல வீடுகளில் இச்சுமை ஒரே மகள் மீது விழுகிறது. மற்றவர்கள் பணம் அனுப்பினால் மட்டும் போதாது. வாரத்தில் ஓர் இரவையாவது பொறுப்பெடுங்கள், அவள் தூங்கட்டும்.