சின்கேப்1 பிறழ்வுச் சுண்டெலி

சின்கேப்1 பிறழ்வுச் சுண்டெலி என்பது, சின்கேப்1 எனும் மரபணுவின் இரு படிகளுள் ஒன்று செயலிழக்குமாறு ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட சுண்டெலி ஆகும். மனிதரில் இம்மரபணுவின் பிறழ்வு அறிவுத்திறன் குறைபாட்டை உண்டாக்குவது 2009 இல் அறியப்பட்டது. இக்குறைபாடு உள்ள குழந்தைகள் பலருக்கு வலிப்பும் மதியிறுக்கமும் உடன் காணப்படுகின்றன.

மரபணுவின் பணி

ஒரு நரம்பணு மற்றொன்றுக்குச் செய்தி கடத்தும் இடம் நரம்பிணைப்பு எனப்படும். கிளர்ச்சியூட்டும் நரம்பிணைப்புகளில் சின்கேப் புரதம் மிகுதியாக உள்ளது. இது ராஸ் எனும் புரதத்தின் செயலை அடக்கி, இணைப்பு அளவுமீறி வலுப்பெறாமல் காக்கிறது. இரு படிகளையும் இழந்த குட்டிகள் பிறந்த சில நாட்களிலேயே இறந்துவிடுகின்றன. எனவே நடத்தை ஆய்வுகளுக்கு ஒரு படியை மட்டும் இழந்தவையே பயன்படுகின்றன.

குட்டிப் பருவ மாற்றங்கள்

சுண்டெலிக் குட்டி ஏறத்தாழ இரண்டாம் வார முடிவில் கண் திறக்கும். மூன்றாம் வாரம் முடியும்போது பால்குடி மறக்கும். நரம்பிணைப்புகள் மெல்ல முதிரவேண்டிய காலமும் இதுவே. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வுக்கழகத்தில் கேவின் ரம்பாவின் குழுவில் ஜேம்ஸ் கிளெமென்ட் முதன்மை ஆசிரியராக இருந்து நிகழ்த்திய ஆய்வு 2012 இல் 'செல்' இதழில் வெளிவந்தது. பிறழ்வுடைய குட்டிகளின் நினைவு மையமான இப்போகாம்பசில் நரம்பிணைப்புகள் உரிய காலத்துக்கு முன்பே முதிர்ந்துவிடுவதை அது காட்டியது. இங்கே கேடு விளைவித்தது வளர்ச்சிக் குறைவன்று, முந்திய வளர்ச்சி. இச்சுண்டெலிகள் வளர்ந்தபின் ஓயாது ஓடித் திரிந்தன, நினைவாற்றல் குன்றின, எளிதில் வலிப்புக்கு உள்ளாயின.

அதே பிறழ்வை வளர்ந்த சுண்டெலியில் உண்டாக்கியபோது பாதிப்பு மிகக் குறைவாகவே இருந்தது. மறுபுறம், பிறழ்வுடன் பிறந்து வளர்ந்தவற்றில் மரபணுவைச் சீர்செய்தும் அந்நடத்தைகள் மாறவில்லை. காலங்கடந்த மருத்துவம் பயனற்றது எனும் கவலை இதனால் எழுந்தது. எனினும் ரம்பாவின் குழுவே 2019 இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த சுண்டெலிகளில் இப்புரதத்தை மீட்டபோது நினைவாற்றலும் மூளையின் மின்செயலும் ஓரளவு சீரடைந்தன.

இந்தியாவில் ஆய்வு

கிளெமென்ட் பின்னர் பெங்களூரிலுள்ள ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் இச்சுண்டெலிகளைத் தொடர்ந்து ஆய்ந்தார். அவரது குழு 2022 இல் வெளியிட்ட கட்டுரையின்படி, 6பிஐஓ எனும் சிறு மூலக்கூறு இளம்பருவச் சுண்டெலிகளில் நரம்பிணைப்புச் செயலையும் நடத்தையையும் மேம்படுத்தியது. இது சுண்டெலிகளில் கண்ட விளைவே. மனிதருக்கான மருந்தாக இம்மூலக்கூறு ஏற்கப்படவில்லை.