பனி ஸ்கூட்டரும் 15 நிமிஷமும்

சண்டிகரில் டிசம்பர் பிறந்தால் போதும், ஊரிலிருந்து ஃபோன் வர ஆரம்பித்துவிடும். "லீவுக்கு வர்றோம், மணாலியில பனி இருக்குமா?" இருக்கும் என்றதும் அடுத்த கேள்வி, "அந்த ஸ்னோ ஸ்கூட்டர் பிள்ளைங்களுக்கு ஆபத்து இல்லையே?" சோலாங்கிலும் குல்மார்கிலும் ஓட்டுநர் முன்னால் உட்கார்ந்து நம்மை ஒரு வட்டம் அடித்துக் கூட்டி வருவாரே, அந்த வண்டிதான். திறந்த மைதானத்தில் வட்டம் அடிப்பதில் பனிச்சரிவு பயம் பெரிதாக இல்லை. ஆனால் அதே வண்டி மலைச்சரிவில் ஏறத் தொடங்கியபோது நடந்தது வேறு கதை. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

வண்டி பிறந்ததே ஒரு துக்கத்தில்தான். கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் வால்கோர் என்ற சின்ன ஊர். 1934 குளிர்காலத்தில் ஜோசஃப் அர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக்கின் 2 வயது மகனுக்கு உடம்பு முடியாமல் போனது. சாலையெல்லாம் பனி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை இறந்துவிட்டது. பனியில் ஓடும் வண்டிக்காக ஏற்கெனவே பட்டறையில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர் அதன் பிறகு விடவேயில்லை. முதலில் பலர் உட்காரும் பெரிய வண்டி. 1959ல் ஒருவர் இருவர் போகும் சின்ன வண்டி, பெயர் ஸ்கி-டூ. தபால்காரர், டாக்டர், பாதிரியார் எல்லோருக்கும் உதவட்டும் என்று செய்த சாமான், சீக்கிரமே விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது.

ஆரம்பகால வண்டிகளுக்கு ஆழமான பொடிப்பனியில் செங்குத்தாக ஏறும் தெம்பு கிடையாது. 1990களில் ரப்பர் பட்டை நீண்டது, அதன் பற்கள் ஆழமாயின, எஞ்சின் பலமானது. பனிச்சறுக்குக்காரன் அரைநாள் மூச்சு வாங்கி ஏறும் மலையை இவன் சில நிமிஷத்தில் தொட்டான். கூடவே ஒரு விளையாட்டும் பரவியது. சரிவில் யார் அதிக உயரம் ஏறித் திரும்புவது என்று போட்டி, 'ஹைமார்க்கிங்' என்பார்கள். ஒரே நாளில் பத்து இருபது சரிவுகளைச் சோதித்துப் பார்க்கிற மனிதன் சரித்திரத்தில் அதற்கு முன் இருந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

பனி சரிவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பலகையில் ரவையைப் பரப்பி, அதன் மேல் தோசைக்கல்லை வைத்துப் பலகையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். குளிர்காலத் தொடக்கத்தில் விழுந்த பனி பல நாள் கடுங்குளிரில் ஒட்டாத மணிமணியாக மாறிவிடும், அதுதான் ரவை. பிறகு புயலில் வந்து இறுகிய கட்டிப்பனி தோசைக்கல். சாய்வு 30 முதல் 45 டிகிரிக்குள் இருந்தால் (நம் வீட்டு மாடிப்படியே கிட்டத்தட்ட 30 டிகிரி) ஒரு வண்டியின் எடை போதும், மொத்தப் பாளமும் உடைந்து கிளம்பும். நாம் சரிவில் ஏறக்கூட வேண்டாம், அடிவாரத்தில் இருந்தே உடைத்துவிட முடியும்!

புதைந்தவனைத் தேட முன்பெல்லாம் இடுப்பில் நீளமான சிவப்புக் கயிறு கட்டிக்கொண்டு போவார்கள், நுனியாவது வெளியே தெரியட்டும் என்று. 1968ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஜான் லாட்டன் என்பவர் ரேடியோ அலை அனுப்பும் சின்னக் கருவியைச் செய்தார். ஸ்காடி என்று பெயர், வட ஐரோப்பியப் புராணத்துப் பனிமலைத் தெய்வம். இன்று உலகம் முழுக்க இந்தக் கருவிகள் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் பேசுகின்றன. 1985ல் ஜெர்மனியில் முதுகுப்பையில் காற்றுப்பை வந்தது. மிக்சர் டப்பாவைக் குலுக்கினால் பெரிய துண்டுகள் மேலே வருமே, அதே தத்துவம்.

கருவி இருந்தால் மட்டும் போதுமா? ஹெர்மன் ப்ரூகர், மார்க்கஸ் ஃபால்க் முதலானோர் சுவிட்சர்லாந்து விபத்துகளின் கணக்கை எடுத்து 1994ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். 15 நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால் 100க்கு 92 பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிஷத்தில் 30 பேர்தான். கனடாவில் கிடுகிடுவென்று சரிகிற அந்தக் கோடு இன்னும் சீக்கிரமே தொடங்குகிறது என்று 2011ல் தெரிந்தது. ஹெலிகாப்டர் வருவதற்குள் இந்த நேரம் முடிந்துவிடும். ஆக, காப்பாற்றப் போகிறவன் பக்கத்தில் நிற்கிற நண்பன்தான். அப்படியானால் அந்த நண்பன் எங்கே நிற்கிறான் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. என் பார்வையில் இந்தச் சரித்திரத்தின் மையம் இந்தக் கேள்விதான்.

2008 டிசம்பர் 28. கனடாவின் ஸ்பார்வுட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரைச் சேர்ந்த 11 பேர், ஃபெர்னி அருகே ஹார்வி கணவாய்ப் பக்கம் வண்டியில் போயிருந்தார்கள். அந்த நாட்களுக்கான எச்சரிக்கையை கனடிய பனிச்சரிவு மையம் ஏற்கெனவே கொடுத்திருந்தது. (2003 குளிர்காலத்தில் 12 நாள் இடைவெளியில் ஏழு ஏழு பேராக இரண்டு குழுக்கள் இறந்தபின், 2004ல் தொடங்கிய மையம் அது.) முதல் சரிவு 7 பேரைப் புதைத்தது. கொஞ்சம் தள்ளி இருந்த 4 பேர் ஓடிவந்து தோண்ட ஆரம்பித்தார்கள். எல்லோரிடமும் கருவி இருந்தது. செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். தோண்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது சரிவு வந்து அவர்களையும் மூடியது. இருவர் தாமாகவே வெளியே வந்து மூன்றாமவரை மீட்டார்கள். மலை இன்னும் சரியும் என்ற நிலையில், நண்பர்கள் 8 பேரை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. எட்டுப் பேரும் பிழைக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் கனடாவில் பனிச்சரிவில் இறந்த 26 பேரில் 19 பேர் ஸ்னோமொபைல்காரர்கள்.

அப்போதாவது பயம் வந்ததா? 2010 மார்ச் 13ல் ரெவெல்ஸ்டோக் அருகே போல்டர் மலையில் சுமார் 200 பேர் கூடி ஹைமார்க்கிங் வேடிக்கை பார்த்தார்கள். அந்த வாரமும் எச்சரிக்கை உண்டு. சரிவு நேராகக் கூட்டத்தின் மேல் வந்தது. 2 பேர் இறந்தார்கள், சுமார் 30 பேருக்குக் காயம். கருவியும் மண்வாரியும் வைத்திருந்தவர்கள் பலர் இருந்ததால் இத்தோடு போயிற்று.

இப்போது அங்கே சொல்லிக்கொடுக்கும் பாடத்தில் பாதி, நிற்பதைப் பற்றியதுதான். சரிவில் ஒரு நேரத்தில் ஒரே வண்டி. ஒருவன் மேலே சிக்கிக்கொண்டால் இன்னொருவன் உதவிக்கு ஏறக்கூடாது (இரண்டு வண்டி எடை, ஒரே பாளம்). மற்றவர்கள் பனி வந்து சேராத இடத்தில், சரிவைப் பார்த்தபடி, வண்டியைக் கிளம்பத் தயாராகத் திருப்பி நிறுத்த வேண்டும். தேடுகருவி உடம்பில் இருக்கவேண்டும், மண்வாரி முதுகில். வண்டிப் பெட்டியில் வைத்தால் வண்டியோடு புதைந்துவிடும்.

நம் நாட்டில் இந்த வண்டி சியாச்சினில் ராணுவத்துக்குக் கால் மாதிரி. 2016 பிப்ரவரி 3ல் அங்கே 19வது மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் 10 பேர் புதைந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அவர்களில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். 15 நிமிஷக் கணக்கையெல்லாம் மீறி 6ஆம் நாள் உயிரோடு எடுக்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11ல் போய்விட்டார். அவர்களுக்கு நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை.

சுற்றுலா போகும் நமக்கு இருக்கிறது. 2023 ஏப்ரல் 4ல் சிக்கிமின் நாது லா சாலையில் 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்களே, அவர்களுக்கு அனுமதி 13வது மைல் வரைதான், இருந்தது 15வது மைலில். அதே வருஷம் பிப்ரவரியில் குல்மார்கின் அஃபர்வாட் மலையில் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் 2 பேர் இறந்தார்கள்.

1969ல் மணாலியில் தொடங்கிய பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் 2020ல் வேறொரு ஆய்வகத்தோடு இணைந்து பெயர் மாறி, இங்கே சண்டிகரில் இருக்கிறது. குளிர்காலத்தில் அவர்களுடைய எச்சரிக்கை குப்வாரா, லாஹுல்-ஸ்பிதி, கின்னௌர் என்று மாவட்டப் பெயரோடு செய்தியில் வரும். ஜனவரியில் வருகிறவர்கள் ஹோட்டல் புக் பண்ணும்போதே அதையும் கேட்டுவிட்டு வாருங்கள். ஸ்கூட்டர்காரர் "கொஞ்சம் மேலே போனா இன்னும் அழகு, கூட 500 ரூபாய்தான்" என்பார். மைதானத்திலேயே இரண்டாவது வட்டம் அடிக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது.