கல்குடாவும் கருக்கலைப்புச் சட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாழைச்சேனையை அடுத்துக் கடலோரமாகக் கிடப்பது கல்குடா. மீன்பிடியும் வேளாண்மையும் இப்பகுதி மக்களின் சீவனோபாயங்கள். இங்குள்ள மரபிலே பெண்ணுக்குரிய இடம் சிறியதன்று. தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இருசாராரிடத்தும் குடிவழி தாய்வழியே கணிக்கப்பட்டு வந்தது. மணமகன் மனைவியின் இல்லத்துக்கு வருவான். வீடும் வளவும் சீதனமாக மகளையே சேரும். ஆயின், அவ்வீட்டுக்குரியவளான பெண் தன் கருவைப் பற்றி எந்த அளவுக்குத் தானே முடிவு செய்யலாம் என்ற வினாவுக்கு விடையை இம்மரபிலே காணமுடியாது. அது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலே உள்ளது.

அச்சட்டக்கோவை இந்நாட்டு மண்ணில் முளைத்ததன்று. மெக்காலேயின் தலைமையில் 1837இல் வரையப்பட்டு, 1860இல் சட்டமாக்கப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டமே அதற்கு மூலம். இலங்கைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, கருச்சிதைவை விளைவிப்போருக்கு மூன்றாண்டுவரை சிறை விதிக்கின்றது. கருப்பையிற் சிசுவின் அசைவு உணரப்பட்ட பின்னராயின் தண்டனை ஏழாண்டுவரை செல்லும். தன் கருவைத் தானே சிதைத்துக்கொள்ளும் பெண்ணும் இப்பிரிவுக்கு உட்பட்டவளே. தாயின் உயிரைக் காக்கும் நன்னோக்குடன் செய்யப்படுவது ஒன்றே விலக்கு. அவளது உடல்நலத்தையோ உளநலத்தையோ, கரு உண்டான விதத்தையோ பற்றி அப்பிரிவு ஏதும் கூறவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் வேரூன்றிய இத்தகைய சட்டங்கள் ஏனைய நாடுகளிற் காலப்போக்கிலே தளர்ந்தன. வன்புணர்ச்சிக்குள்ளான 14 வயதுச் சிறுமியொருத்திக்குக் கருக்கலைப்புச் செய்த மருத்துவர் போர்ன் 1938இல் இலண்டனில் விடுவிக்கப்பட்டார். உயிரைக் காத்தல் என்பது உடலும் உள்ளமும் சிதைந்துபோகாது காத்தலையும் உள்ளடக்கும் என்று அவ்வழக்கிலே பொருள் கொள்ளப்பட்டது. 1967இல் பிரித்தானியா தனிச்சட்டம் இயற்றியது. சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையை ஏற்று 1971இல் இந்தியாவும் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மூலச்சட்டம் பிறந்த நாடே தன் வழியை மாற்றிக்கொண்டபோதும், அதனைப் பின்பற்றிய இலங்கையில் 303ஆம் பிரிவு பழைய நிலையிலேயே நின்றது.

இந்நிலை வியப்புக்குரியது. ஏனெனில், தாய்மாரைக் காப்பதில் இலங்கை பின்தங்கிய நாடன்று. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை பின்னர் நாடெங்கும் பரவியது. பயிற்சி பெற்ற மருத்துவமாது கிராமத்து வீட்டு வாயிலுக்கே வந்தாள். அரச வைத்தியசாலையிற் பிரசவம் இலவசமாயிற்று. 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்களுக்கு 2,000க்கும் மேற்பட்டிருந்த தாய் மரணம், 2010களில் 40க்கும் கீழே இறங்கியது. அவ்வாறு இறங்கிய பின்னரும், பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் உண்டாகும் கிருமித்தொற்று தாய் மரணத்தின் முக்கிய காரணங்களுள் ஒன்றாக நீடித்தது. சட்டம் தடுத்தபோதிலும் கருக்கலைப்பு நின்றுவிடவில்லை. நாளொன்றுக்கு 600க்கு மேற்பட்டவை நிகழ்வதாக மதிப்பீடுகள் கூறுகின்றன. இதனை நாடுவோருள் மிகப் பெரும்பாலோர் மணமான பெண்கள் என்பது ஆய்வுகளிற் புலனான உண்மை.

சட்டத்தின் சுமை எல்லோர்மீதும் ஒரே அளவிலே விழுவதில்லை. வசதியுடையவள் கொழும்பில் இரகசியமாக வழி தேடுவாள். கடல் கடந்து செல்லவும் அவளால் இயலும். கல்குடாவின் மீனவக் குடும்பத்துப் பெண்ணுக்கோ மட்டக்களப்பு நகரமே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவு. பயணச்செலவு ஒருபுறம், ஒருநாட் கூலி இழப்பு மறுபுறம், அயலாரின் கண்கள் இன்னொருபுறம். போர்க்காலத்திற் சோதனைச் சாவடிகளும் ஊரடங்கும் இத்தடைகளோடு சேர்ந்தன. பிரசவத்துக்குப் போகிறவள் கூடக் காத்துநின்ற வழியில், காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாதவளின் நிலை எத்தகையதாய் இருந்திருக்கும்? உதிரப்போக்கோடும் காய்ச்சலோடும் வருபவளுக்குச் சிகிச்சை அளிப்பது குற்றமன்று. எனினும் தண்டனைக்கு அஞ்சி அவள் வைத்தியசாலைக்குப் பிந்தி வருகின்றாள். அந்தத் தாமதமே பலவேளை உயிரைப் பறிக்கின்றது.

சீர்திருத்த முயற்சிகள் எழாமலில்லை. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, வன்புணர்ச்சி, தகாப்புணர்ச்சி, சிசுவின் கடுங்குறைபாடு ஆகியவற்றிற் கருக்கலைப்பை அனுமதிக்கும் வாசகம் முன்வைக்கப்பட்டது. எதிர்ப்பெழவே அது கைவிடப்பட்டது. அத்திருத்தமே தகாப்புணர்ச்சியைத் தனிக்குற்றமாக்கியது என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது. குற்றவாளியைத் தண்டிக்க இசைந்த சபை, அக்குற்றத்தின் விளைவைச் சிறுமியே சுமக்குமாறு விட்டுவிட்டது. பின்னர் நீதியரசர் அலுவிகாரை தலைமையிலான குழு வழங்கிய பரிந்துரைகள் 2017இல் விவாதத்துக்கு வந்தபோதும், சமயத் தலைவர்களின் எதிர்ப்பினால் அவை சட்டமாகவில்லை.

கருவும் ஓர் உயிரே எனக் கொள்வோரின் உள்ளுணர்வை எள்ளி நகையாடுதல் பொருந்தாது. சமயங்கள் பல அதனைப் போற்றுகின்றன. ஆனால் நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையிலுள்ள தடை எத்தனை கருக்களைக் காத்தது என்பதற்குச் சான்று காண்டல் அரிது. அது பறித்த தாய்மாரின் உயிர்களுக்கோ வைத்தியசாலைப் பதிவேடுகள் சான்றாய் உள்ளன. மருத்துவமாதைக் கல்குடாவின் கடைசி வீடுவரை அனுப்பிய அரசு, அவ்வீட்டுப் பெண் அச்சமின்றி அவளிடம் வாய்திறப்பதற்கு வேண்டிய சட்டத்தை இன்னும் ஆக்கித் தரவில்லை.