நீர்ம உலர்த்திக் குளிரூட்டல்: நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

மழைக்காலத்தில் மூடாமல் வைத்த ஜாடியில் கல்லுப்பு கசிந்து நீர் விடுவதைக் கண்டிருப்பீர்கள். சில உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தைத் தம்பால் ஈர்த்துக்கொள்கின்றன. கட்டடங்களுக்கான நீர்ம உலர்த்தித் தொழில்நுட்பம் இவ்வியல்பையே பயன்படுத்துகிறது.

ஈரக் காற்று ஏன் மருத்துவச் சிக்கல்?

சுவரில் பூஞ்சை படர்வதற்கும் மெத்தையில் தூசிப்பூச்சிகள் பெருகுவதற்கும் ஈரமே துணை. ஆஸ்துமா உடையோருக்கு இவையிரண்டும் மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடியவை. அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருப்பது நன்று. 50-க்குக் கீழே தூசிப்பூச்சிகள் பெருகுவது கடினம்.

வழக்கமான குளிரூட்டி, காற்றை மிகுதியாகக் குளிர்வித்தே ஈரத்தை நீக்குகிறது. வெளிக்குழாயில் சொட்டும் நீர் அதுவே. அறுவை அரங்கு போன்ற இடங்களில், இவ்வாறு தேவைக்கு மேல் குளிர்ந்த காற்றை மீண்டும் சூடாக்க வேண்டியிருக்கும். மின்சாரம் இருமுறை செலவாகிறது. சூடாக்காவிடில் நோயாளி நடுங்க நேரிடும்.

நீர்ம உலர்த்தியில் ஈரம் நீக்கும் வேலை தனியே நடைபெறுகிறது. லித்தியம் குளோரைடு அல்லது கால்சியம் குளோரைடின் அடர்கரைசல் ஒரு பரப்பின்மேல் வழிய, அதனூடே செல்லும் காற்று உலர்கிறது. ஈரத்தை உறிஞ்சுகையில் வெப்பம் வெளிப்படுவதால் கரைசலைக் குளிர்விக்கவும் வேண்டும். நீர்த்துப்போன கரைசலை வேறொரு அறையில் சூடாக்கி, நீரை வெளிக்காற்றில் ஆவியாக்கியபின் மீண்டும் பயன்படுத்துவர். இதற்கு 50 முதல் 80 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பம் பெரும்பாலும் போதுமாகையால், சூரிய வெப்பமும் இயந்திரங்களின் கழிவு வெப்பமும் உதவும்.

இந்த உப்பு மூச்சில் கலக்குமா?

லித்தியம் மாத்திரை உட்கொள்வோருக்கு இவ்வையம் எழுவது இயல்பே. உப்பு நீரைப்போல் ஆவியாவதில்லை. எனினும் கரைசலின் நுண்துளிகள் காற்றோடு வெளியேறக்கூடும்; ஆதலால் துளித்தடுப்பான்கள் பொருத்தப்படுகின்றன. சில அமைப்புகளில் கரைசலையும் காற்றையும் மெல்லிய சவ்வு பிரிக்கிறது. இவ்வகைக் குளிரூட்டல் உள்ள கட்டடத்தில் காற்றுத்துளையருகே வெண்ணிறப் படிவமோ புதிதாகத் துருவோ தென்பட்டால், செவிலியரிடமோ பராமரிப்புப் பிரிவிலோ தெரிவியுங்கள்.

அடர்ந்த உப்புக் கரைசலில் பல நுண்ணுயிர்கள் வளர இயலாது. இதனை நம்பிச் சன்னலை மூடிவிடலாகாது. காசநோய்க் கிருமி காற்றில் பரவுவதைத் தடுக்க, காற்று உலர்ந்திருந்தால் மட்டும் போதாது. புதுக்காற்றும் முகக்கவசமும் தேவை. ஆஸ்துமாவுக்கான உறிஞ்சு மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

வீட்டில்

இவ்வமைப்பு பெரும்பாலும் பெரிய கட்டடங்களுக்குரியது. வீட்டுக் குளிரூட்டியிலுள்ள ‘டிரை’ முறை ஓரளவு ஈரத்தைக் குறைக்கும். நோயாளி படுக்கும் அறையில் துணி உலர்த்தாதீர்கள். சுவரில் நீர்க்கசிவிருப்பின் அதனை முதலில் சரிசெய்யுங்கள். வறட்சி மிகுந்தாலும் கண்ணும் மூக்கும் உறுத்தும்.

அலமாரியில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் பலவற்றில் இருப்பதும் கால்சியம் குளோரைடே. அதில் சேரும் நீர் வெறும் நீரன்று. தோலையும் கண்ணையும் புண்படுத்தும் உப்புக்கரைசல். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரை அணுகுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.